அந்த 1,40,000 யாருடைய பணம்?

கேள்வி: வணக்கம்ங்க அக்கா. எனக்கு 27 வயது. ஊர் சோமனூர் பக்கம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். நான் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். கைக்கு 28,000 வருகிறது, வீட்டுக்கு 15,000 கொடுத்துவிடுவேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரண்டாவது ஷிஃப்ட். அந்த வாரம் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர நடுச்சாமம் ஆகிவிடுகிறது. சுந்தராபுரத்தில் 7,500 வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், அட்வான்ஸ் 50,000 கேட்கிறார்கள். வெளியே போக எத்தனை மாசச் சம்பளம் கையில் இருக்க வேண்டும்? ஒன்றரை வருஷமாகச் சேர்த்தது 1,40,000 இருக்கிறது. அது நண்பன் அக்கவுண்ட்டில் இருக்கிறது. என் அக்கவுண்ட் காலேஜில் படிக்கும்போது அப்பா நம்பரைக் கொடுத்துத் திறந்தது. மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குப் போகும், தங்கச்சி படித்துச் சொல்லும். அதனால் மாசம் 13,000 ஏடிஎம்மில் எடுத்து அதில் 8,000-ஐ நண்பனிடம் கொடுத்துவிட்டு, பஸ், கேன்டீன் செலவு என்று வீட்டில் சொல்லிவிடுவேன். எனக்கு ஜீபே கிடையாது, வேண்டுமென்றால் நண்பன்தான் போட்டுவிடுவான். வீட்டில் எப்போது சொல்வது என்றும் தெரியவில்லை. – பெயர் வேண்டாம், சோமனூர்.

பதில்: தம்பி, எத்தனை மாசச் சம்பளம் என்ற கேள்வி எனக்குப் பெருந்துறையிலிருந்தும் வரும், பொள்ளாச்சியிலிருந்தும் வரும். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் போதும், அது சேர்ந்த அன்றைக்கு வீட்டில் பேசுகிற தைரியமும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சரி, தொகையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அட்வான்ஸ் 50,000. முதல் மாச வாடகை 7,500. அடுப்பு, ஃபேன், பாய் தலையணை, நாலு பாத்திரம், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் சேர்த்து 15,000 என்று வையுங்கள். சிலிண்டருக்கு டெபாசிட் மட்டும் 2,200, ரெகுலேட்டருக்கு 250, இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் மூன்று மாசச் செலவு கையில் இருக்க வேண்டும்: வாடகை 7,500, சாப்பாடும் மற்றதும் 6,500, வீட்டுக்கு அனுப்புவது குறைந்தது 10,000, ஆக மாசம் 24,000, மூன்று மாசத்துக்கு 72,000. மொத்தம் 1,44,500.

உங்களிடம் 1,40,000 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 4,500 ரூபாய்தான் குறைகிறது, அதை அட்வான்ஸ் பேசும்போதே குறைத்துவிடலாம். அப்படியிருக்க எனக்கு ஏன் கடிதம் எழுதினீர்கள்? ஏனென்றால் அந்தப் பணம் உங்களிடம் இல்லை.

27 வயது. தினமும் மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கிற உத்தியோகம். அப்படிப்பட்டவர் ஒரு டீக்குப் பணம் போட நண்பனைத் தேடுகிறார். பேங்கில் பதிந்த நம்பர் அப்பாவின் சிம் என்பதால் உங்கள் போனில் யுபிஐ வேலை செய்யாது, அதுவரை புரிகிறது. ஆனால் சுந்தராபுரத்து வீட்டுக்காரர் மாசம் ஐந்தாம் தேதி ஜீபேயில் வாடகையைப் போட்டுவிடு தம்பி என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அதையும் நண்பன் போட்டுவிடுவானா? ஈபி பில்லையும்? அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று தொடங்கியது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள், அப்பாவின் கையிலிருந்த உங்கள் வரவு செலவு இப்போது நண்பனின் கைக்கு மாறியிருக்கிறது, உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

அந்த நண்பன் தங்கமான பையனாகவே இருக்கட்டும், நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் பேங்கைப் பொறுத்தவரை அந்த 1,40,000 அவனுடையது. நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அது நாமினிக்குப் போகும், அது அவன் அம்மாவோ மனைவியோ, அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று என் பணம் இதில் இருக்கிறது என்று எந்த வாயால் கேட்பீர்கள்? அவன் அதே பேங்கில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால் கணக்கிலிருந்து பேங்க் எடுத்துக்கொள்ளலாம். யாரோ ஒரு மோசடிக்காரனின் பணம் தெரியாமல் அவன் கணக்குக்கு வந்து, சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கினால் உங்கள் அட்வான்சும் சேர்ந்து முடங்கும், இது இப்போது சாதாரணமாக நடக்கிறது. நீங்கள் கொடுத்ததோ ரொக்கம். ஒரு துண்டுச் சீட்டு உண்டா? எட்டு எட்டாயிரமாகக் கொடுத்தேன் என்பதற்கு உங்கள் ஞாபகம் ஒன்றுதான் சாட்சி. ஒரு பம்ப் ரிப்போர்ட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் அனுப்ப மாட்டீர்கள் அல்லவா?

இதெல்லாம் பணத்தோடு போகட்டும். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். உங்கள் மெசேஜைத் தங்கச்சி படித்துச் சொல்கிறது என்று எழுதினீர்களே. ஒன்றாம் தேதியை ஒட்டி 28,000 வரவு என்று அது படிக்கும். அப்புறம் நீங்கள் எடுத்த 13,000-ஐயும் அதுதான் படிக்கும். பஸ்சுக்கும் கேன்டீனுக்கும் 13,000! உங்கள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். மீட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்குப் பார்த்து, தறியில் ஏற்றிய பாவு நூல் எத்தனை மீட்டர், எத்தனை நாளில் நெய்து இறங்கும் என்று மனக்கணக்காகவே சொல்லக்கூடிய ஆட்களை எனக்குத் தெரியும். அவருக்குச் சோமனூரிலிருந்து குறிச்சிக்கு பஸ் சார்ஜ் எவ்வளவு என்று தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஒன்றரை வருஷமாக அவர் கேட்கவில்லை என்றால், நம்பிவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். என் கணக்கு வேறு. வயசுக்கு வந்த பையன், ஏதோ ஒன்றுக்குச் சேர்க்கிறான், இல்லை எங்கேயோ விடுகிறான், கேட்டால் பொய் சொல்லுவான், பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்று பேசாமல் இருக்கிறார். நம் பக்கத்து அப்பாக்கள் நிறையப் பேர் இப்படித்தான், மகனிடம் நேராகக் கேட்க அவர்களுக்கும் கூச்சம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கூலித் தறிக்காரருக்கு எந்த மாசம் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினார்களே, ஏப்ரல் வரைக்கும் ஓடவில்லை, அப்போது உங்கள் வீட்டில் மளிகைக் கடைக்குப் பணம் எங்கிருந்து போயிருக்கும்? வரவேண்டிய தேதியில் வருவது அந்த வீட்டில் உங்கள் சம்பள மெசேஜ் ஒன்றுதான். அதை அவர் உங்களை வேவு பார்ப்பதற்காக வைத்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அது சரி என்றும் நான் சொல்லவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போன முதல் மாசமே நம்பரை மாற்றியிருக்க வேண்டும், மாற்றப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு மாற்றியிருக்க வேண்டும். மெசேஜ் வருவது நின்றால் அப்பா கேட்பாரே என்று பயந்தீர்கள். கேட்கட்டுமே! கேட்டால் பதில் சொல்வதற்குத்தான் மகன்.

பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்ய வேண்டியது உண்டு என்று நம்புகிறவள் நான், சம்பாதிக்கிற பிள்ளை தனியாகப் போனபின்னும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று சொல்கிறவள், என் வாழ்க்கை என் இஷ்டம் என்று எழுதுகிறவர்களுக்கு நான் கொடுக்கிற பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. தங்கச்சிக்குப் படிப்பு இருக்கிறது, அதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் நடுச்சாமத்தில் பஸ் மாறி வந்து, தூங்கியும் தூங்காமலும் திரும்ப வேலைக்கு ஓடுவதை யாரும் கடமை என்று கேட்கவில்லை. நீங்கள் வெளியே போவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. சொல்லாமல் போகத் தயார் செய்கிறீர்களே, அதில்தான் ஆட்சேபம். ஊர் என்ன பேசும் என்பதை விடுங்கள், குறிச்சியில் வேலை, சுந்தராபுரத்தில் வீடு என்றால் பொண்ணு வீட்டாரே சௌகரியம் என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்பதற்குக் கணக்கிலும் காரணம் இருக்கிறது. சேர்த்து வைத்த பணம் உள்ளே போகும் வரைக்கும்தான். அதன்பின் மாசா மாசம் ஓட வேண்டியது சம்பளத்தில். 28,000-த்தில் 15,000 வீட்டுக்குப் போனால் மிச்சம் 13,000, வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் 14,000. முதல் மாசமே ஆயிரம் ரூபாய் துண்டு விழும், துண்டு விழுந்தால் மறுபடி நண்பன். ஆகவே வீட்டுக்குக் கொடுப்பதை 10,000 ஆக்க வேண்டும், அதை நீங்களாகக் குறைத்துக்கொள்ள முடியாது, உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுச் செலவு உண்மையில் எவ்வளவு, தறி மேல் கடன் இருக்கிறதா, தங்கச்சி ஃபீஸ் எந்த மாசம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் கணக்கை அப்பா பார்க்கிறார் என்று குறைப்படுகிற நீங்கள் அவர் கணக்கை ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். 10,000 போதாது என்று தெரிந்தால் தனி வீட்டை மறந்துவிட்டுக் கம்பெனி ஆட்களோடு ஒரு ரூமைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வீட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்கள் வாடகைக்கு அது 22,500. சட்டத்தைச் சொன்னால் வீட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்பார், அதனால் மரியாதையாகக் கேட்டு 30,000, 35,000-க்குக் கொண்டுவாருங்கள். அக்ரிமெண்ட் எழுத்தில் வேண்டும். காலி செய்யும்போது பெயிண்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார், ஈபிக்குத் தனி மீட்டரா இல்லை யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே வாங்குவாரா, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்பதையெல்லாம் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள், கொடுத்தபின் கேட்டால் பதில் வேறாக இருக்கும். இனிமேல் சேர்ப்பதைப் பேங்க் ஆர்.டி.யில், அதாவது மாசா மாசம் ஒரே தொகையைக் கட்டுகிற சேமிப்பில், ஆறு மாசத்துக்குப் போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷம், மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிக்க முடியாது, இந்த வேலைக்கு ஆகாது. பதிவில்லாத ஏலச்சீட்டு பக்கமே போகாதீர்கள்.

எப்போது சொல்வது என்று கேட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தறி நின்றிருக்கும். ஆனால் அதற்கு முன் பேங்குக்கு ஓடி நம்பரை மாற்றிவிடாதீர்கள். ஞாயிறு காலையில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, நண்பனை அந்தப் பணம் முழுவதையும் உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்றால் மீதியை மறுநாள் அனுப்பட்டும். மெசேஜ் அப்பா போனுக்கு வரும், தங்கச்சி எடுத்துப் படிக்கும், ஒரு லட்சம் வரவு என்று. அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஏங்கண்ணு, ஏது இந்தப் பணம் என்று அவர் கேட்பார். நான் சேத்துனதுங்கப்பா, உங்களுக்குத் தெரியாம சேத்துனது, ஷிஃப்ட்டுக்கு வந்து போக முடியறதில்லீங்க, குறிச்சிப் பக்கமா வீடு எடுக்கலாம்னு இருக்கறனுங்க என்று சொல்லுங்கள். ஒன்றரை வருஷம் பொய் சொன்னதற்கு அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வர வேண்டியதுதான்.

அப்புறம் வாரத்தில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு ஆதாரோடு பேங்குக்குப் போய் உங்கள் நம்பரைப் பதியுங்கள், இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் இருக்காது. ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் யார் நம்பர் இருக்கிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நாமினி யார் என்று ஃபாரத்தில் கேட்பார்கள், அம்மா பெயரை எழுதுங்கள்.

ஒருவேளை அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பன், கொஞ்சம் டைட்டா இருக்குது மச்சி, அடுத்த மாசம் போட்டுடறேன் என்று சொன்னால், சுந்தராபுரத்து வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டு, அப்பாவிடம் அதையும் சேர்த்துச் சொல்லி, இரண்டு பேருமாகக் கிளம்பி அவன் வீட்டுக்குப் போங்கள்.