உங்கள் வயதை விடுங்கள், பையனின் வயதைச் சொல்லுங்கள்

கேள்வி: "எனக்கு 46 வயது. தர்மபுரியில் சொந்தமாகச் சிறு தொழில். மனைவி செவிலியர், வயது 42. பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். இந்த வயதில் குடும்பத்தோடு வெளிநாடு போய்ப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கலாமா, காலம் கடந்துவிட்டதா?"

நான் பாலக்கோட்டுக்காரி. 2022 ஆகஸ்டில், 43 வயதில், செவிலியராக இங்கிலாந்துக்கு வந்தேன். பத்து மாதம் கழித்துக் கணவரும் மகளும் மகனும் வந்து சேர்ந்தார்கள். முடியுமா என்றால், முடியும். ஆனால் நீங்கள் உங்கள் வயதை முதலிலும் பையனைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வயதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் திறன் அடிப்படையிலான நிரந்தர விசாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 45-தான் எல்லை. கனடாவின் மதிப்பெண் முறையில் 45 ஆனதும் வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம். நியூசிலாந்தில் 55 வரை வாசல் திறந்திருக்கிறது. பிரிட்டனில் வேலை விசாவுக்கு வயது வரம்பே கிடையாது. நான் இங்கே வந்ததற்குக் காரணம் இதுதான், ராணியின் மேல் பாசம் அல்ல.

உங்கள் மனைவிக்கு: ஆங்கிலத் தேர்வை ஒரே முயற்சியில் தேறுவோம் என்று நினைக்க வேண்டாம். நான் எழுத்துத் தாளில் ஒருமுறை தவறி, கட்டணத்தை இரண்டாம் முறையும் கட்டினேன். பல ஆண்டுகள் உழைத்த மருத்துவமனையில் அனுபவச் சான்று கேட்டால் மூன்று மாதம் இழுத்தடித்தார்கள்; அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள். இங்கே வந்தபின் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது. மொத்தம் பத்து நிலையங்கள், அதாவது ஒவ்வொரு வேலையாகச் செய்துகாட்டும் இடங்கள்; கட்டணம் 794 பவுண்டு. எனக்கு வேலைகொடுத்த மருத்துவமனையே அதைக் கட்டியது. எதையும் செய்தால் மட்டும் போதாது, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கை கழுவுகிறேன், பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறேன், மணிக்கட்டுப் பட்டையைப் பார்க்கிறேன், ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறேன். இருபது ஆண்டுகளாக என் கைகள் இதை வாய் மூடிக்கொண்டு செய்து பழகியவை. ஊசி மருந்து நிலையத்தில் பட்டையைக் கண்ணால் பார்த்தேன், சொல்லவில்லை. தோல்வி. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு 26 வயது இருக்கும், "பார்த்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று பொறுமையாகக் கேட்டாள். ஊரில் அந்த வயதுப் பெண்களுக்கு நான் வார்டில் பாடம் எடுத்தவள். அடுத்த வாரம் சமையலறையில் பிரஷர் குக்கருக்குப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டுப் பழகினேன். இரண்டாம் முறை தேறினேன். அப்போது, 2022-ல், தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 27,055 பவுண்டு. நேற்றுப் படித்து முடித்தவர்களுக்கும் அதுதான்.

உங்களுக்கு: நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்றவர் என் கணவர். பாலக்கோட்டில் எரிந்த மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருந்தார். கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் தக்காளித் தோட்டக்காரர்கள் விடியற்காலையிலேயே வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எங்கள் கல்யாணத்தன்றே ஒருவர் மோட்டாரோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். இங்கே எரிந்த சிறு மோட்டாரை யாரும் காயில் கட்டுவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அவர் ஒரு கிடங்கில் இரவு நேரத்தில் பெட்டி அடுக்குகிறார். வேலை கடினமா என்று கேட்டால் இல்லை என்பார். "யாரும் அவசரமாகத் தேடி வருவதில்லை" என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கிப் போட்ட வேக்குவம் கிளீனரை எடுத்துவந்து இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தபோதுதான் முகத்தில் பழைய களை வந்தது. சொந்தத் தொழில் விட்டுவரும் ஆண்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சம்பளக் கணக்கில் இது தெரியாது.

இப்போது உங்கள் பையன். உங்களுக்கான உண்மையான கெடு இதுதான். விண்ணப்பிக்கும் நாளில் 18 வயதுக்குள் இருந்தால்தான் அவனை உங்களோடு அழைத்துவர முடியும். அழைத்து வந்தாலும், நிரந்தர வசிப்புரிமை இல்லாத வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவனுக்கான கட்டணம்தான் கட்ட வேண்டும். 2025-26-ல் இங்கிலாந்து மாணவருக்கு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, சில படிப்புகளுக்கு மூன்று மடங்கு. என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்து வந்தாள். இரண்டு வருடம் இங்கே படித்தாள், நன்றாகவே படித்தாள். 2025-ல் கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டோம். பிள்ளைகளுக்காகத்தான் கிளம்பினோம், அவள் அங்கே விடுதியில் இருக்கிறாள், நாங்கள் இங்கே இருக்கிறோம். எட்டு வயதில் வந்த மகனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. என் உச்சரிப்பைத் திருத்துவது மட்டும்தான் அவன் தொல்லை.

ஐந்து ஆண்டில் நிரந்தர உரிமை என்று நம்பித்தான் வந்தோம். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பத்தாண்டாக்கப் பேசுகிறது. ஓய்வூதியமும் அப்படித்தான்: அரசின் முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் கணக்கில் இருக்க வேண்டும். 67 வயதுவரை உழைத்தாலும் எனக்கு 24-தான் தேறும். 25 வயதில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தொலைவில் இருக்கிற செய்தி. நமக்கு அடுத்த வீட்டுச் செய்தி.

பெற்றோரைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். அன்றாடக் காரியத்துக்கே பிறர் துணை வேண்டிய நிலையில் அவர்கள் இருக்க வேண்டும், அந்தத் துணை இந்தியாவில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். பாலக்கோட்டில் சொந்தபந்தங்களுக்கு நடுவே இருக்கும் என் அம்மாவுக்கு அதை எப்படி நிரூபிப்பது? கோடையில் என் இரவுப் பணியின் இடைவேளை ஒன்றரை மணிக்கு. அங்கே காலை ஆறு, அம்மா வாசல் தெளிக்கும் நேரம். தினமும் அப்போதுதான் பேசுகிறோம். "சாப்பிட்டாயா?" என்பார். நடுராத்திரியில் எதைச் சாப்பிடுவது என்று விளக்கி ஓய்ந்துவிட்டேன். இங்கே தமிழ்க் கடையில் ராகி மாவு கிடைக்கிறது. களி கிண்டும் துடுப்பை மட்டும் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஏஜென்ட் விஷயம். என்னிடம் ஒருவர் நான்கு லட்சம் கேட்டார். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வாசல்வரை போய்விட்டேன். செவிலியரிடம் வேலைக்காகப் பணம் வாங்கக்கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி. உங்களுக்கு முதியோர் பராமரிப்பு வேலை விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்: அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் பையனைத் தமிழ்நாட்டிலேயே கல்லூரியில் சேர்த்துவிட்டு, மனைவியை முதலில் அனுப்புவேன். ஓராண்டு கழித்து நீங்கள் போய்ப் பாருங்கள். அதுவரை தொழிலை மூட வேண்டாம். என் கணவர் பாலக்கோட்டுக் கடையை இன்னும் காலி செய்யவில்லை. மாதம் 4,000 ரூபாய் வாடகை போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் சண்டை வரும் என்பதால் நான் கேட்பதில்லை.