பிராங்க் வீடியோவில் அப்பா தலைவரைத் திட்டிவிட்டார்: போலீஸ் பிடிக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் புளியம்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு 68 வயது. போன மாதம் வியாழக்கிழமை சந்தையில் ஆட்டுக்குட்டி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மைக்கோடு இரண்டு பையன்கள் வந்து, எப்போதும் செய்தியில் அடிபடும் ஓர் அரசியல் தலைவரின் பெயரைச் சொல்லி, "தோட்டத்து மோட்டாருக்கு இலவச கரண்ட்டை நிறுத்தணும்னு சொல்லிட்டாருங்க, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பிராங்காம். அப்பா ஆத்திரத்தில், "அவனெல்லாம் வெளங்குவானா, ஊரை அடிச்சு உலையில போட்டவன்" என்று திட்டிவிட்டார். அதை யூடியூபில் போட்டுவிட்டார்கள். கீழே கட்சிக்காரர்கள் அசிங்கமாக எழுதுகிறார்கள், கேஸ் போடுவோம் என்கிறார்கள். நானும் பதிலுக்குப் பதில் எழுதி வருகிறேன். நிருபர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர், 25,000 ரூபாய் கொடுத்தால் வீடியோவை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அப்பாவைப் போலீஸ் பிடிக்குமா? பணம் கொடுத்துவிடலாமா?
(வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: இதற்காக உங்கள் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போக முடியாது. பணமும் கொடுக்க வேண்டாம். அப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

கட்சிக்காரர்கள் மிரட்டுவது அவதூறு வழக்கைச் சொல்லி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-வது பிரிவு. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்று சட்டத்தில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். வீடியோவுக்குக் கீழே கத்துகிற கிளைச் செயலாளர் அல்ல, அந்தத் தலைவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வழக்கை ஏற்பதற்கு முன்பே உங்கள் அப்பா தரப்பையும் மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும். கோபியிலிருந்து தாராபுரம் வரைக்கும் டீக்கடை பெஞ்சில் தினமும் திட்டு வாங்கும் ஒரு தலைவர், சந்தைக்கு வந்த ஒரு பெரியவருக்காக இவ்வளவு தூரம் மெனக்கெடுவார் என்று நான் நினைக்கவில்லை.

"வெளங்குவானா" என்பது சாபம். சாபத்துக்கு அவதூறு வழக்கு கிடையாது. "ஊரை அடிச்சு உலையில போட்டவன்" என்பது கொஞ்சம் உரசும்தான். ஆனாலும் எந்த டெண்டரில் எவ்வளவு தின்றார் என்று குறிப்பாக எதுவும் சொல்லாதவரை அது பொத்தாம்பொதுவான பேச்சு. நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஒலியோடு கேளுங்கள். சாதிப் பெயர், மதம், வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதாவது வாயில் வந்திருந்தால் சங்கதியே வேறு. அப்போது இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். முகப்புப் படத்தில் அப்பா சொல்லாத வார்த்தையை அவர் பெயரில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தச் சேனல்காரர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை அது.

கடைசிப் பத்து விநாடி முக்கியம். "ஐயா, இது பிராங்க், அந்தக் கேமராவைப் பார்த்துக் கை காட்டுங்க" என்பார்கள். திகைத்துப்போன மனுஷன் சிரித்துக்கொண்டே கை காட்டுவார். அதைத்தான் பிறகு சம்மதம் என்று நீட்டுவார்கள். அப்பா ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டாரா, ஐந்நூறு ரூபாய் வாங்கினாரா என்று அதட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன்கள் எதைக் கையில் எடுத்தார்கள் பாருங்கள்! மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்கு பலியான சீமை இது. இங்கே வந்து கரண்ட் நிற்கப் போகிறது என்றால் எந்தத் தோட்டக்காரர் சும்மா இருப்பார்? அந்தக் கோபம் உண்மையானது, செய்திதான் பொய். அந்தப் பொய்யை உண்டாக்கி ஒரு தலைவரின் தலையில் கட்டியது சேனல். உண்மையில் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்குப் போட வேண்டியது அவர்கள் மேல்தான்.

இப்போது அந்த 25,000 விஷயம். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி நிருபர் வேஷத்தில் வரும் இந்த ஏஜென்ட்களால்தான். பைக்கில் பிரஸ் என்று ஸ்டிக்கர், கழுத்தில் ஒரு அடையாள அட்டை, பேச்சுக்குப் பேச்சு "எஸ்.பி. நமக்கு வேண்டியவர்" என்று ஒரு வார்த்தை. பல சமயம் சேனல்காரனுக்கும் இவருக்கும் உள்ளே தொடர்பு இருக்கும். ஒருவன் போடுவான், இன்னொருவன் எடுத்துத் தருவான். வீடியோ ஒரு சேனலிலிருந்து இறங்கினால் வேறு பெயரில் இன்னொன்றில் ஏறும், அதற்குத் தனி ரேட். தொடர்பே இல்லாத ஆள் என்றால் செய்வது இன்னும் மோசம். உங்கள் பெயரிலேயே, "இந்த வீடியோ என்னுடைய சொந்தப் படைப்பு, திருடிப் போட்டுவிட்டார்கள்" என்று யூடியூபுக்குப் பொய்யான காப்பிரைட் புகார் அனுப்புவார். புகார் கொடுத்தவர் பெயர் சேனல்காரனுக்குப் போகும். அவன் மறுப்புக் கொடுத்தால், நீங்கள் கோர்ட்டுக்குப் போகாதவரை வீடியோ திரும்ப வந்துவிடும். பொய்ப் புகார் கொடுத்த பழி மட்டும் உங்கள் தலையில் நிற்கும். ஏஜென்ட் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

அவர் காசு கேட்டுச் செய்வதாகச் சொல்வதை யூடியூபிலேயே இலவசமாகச் செய்யலாம். தனியுரிமைப் புகார் என்று ஒரு படிவம் இருக்கிறது. முகமோ குரலோ அடையாளம் தெரிகிறது என்று சொல்லி, வீடியோவின் இணைப்பையும் எத்தனையாவது நிமிடத்தில் அப்பா வருகிறார் என்பதையும் கொடுக்க வேண்டும். வீடியோவை நீக்கவோ திருத்தவோ சேனலுக்கு 48 மணி நேரம் கொடுக்கலாம். அதன் பிறகு யூடியூப் பார்த்து முடிவு செய்யும். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரைச் சேனலுக்குச் சொல்லாது.

இங்கேதான் ஏஜென்ட் இன்னொரு புளுகு விடுவார். "படத்தில் இருப்பவரே புகார் கொடுக்கணும், மகன் கொடுத்தால் செல்லாது, அதனால எங்களாலதான் முடியும்" என்பார். பாதி உண்மை. சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்குகளும் அதிலேயே இருக்கின்றன: கம்ப்யூட்டர் வசதி இல்லாதவருக்காக இன்னொருவர் கொடுக்கலாம். உங்கள் அப்பா பட்டன் போன் வைத்திருப்பவர் என்றால் அவருக்காக நீங்கள் கொடுக்கலாம். வாட்ஸ்அப் மட்டும் பார்ப்பவர் என்றால்? அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரிலேயே, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் செய்யுங்கள். படிவத்தை யார் விரல் தட்டியது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவருக்குத் தெரியாமல், அவர் நடிப்பது போல நீங்களாகப் பொய்க் கணக்குத் திறப்பதுதான் தப்பு. அவருக்கு உடம்பு முடியவில்லை, ஞாபகம் தடுமாறுகிறது என்றால் அதையும் எழுதுங்கள். சட்டப்படியான பிரதிநிதியாக வக்கீலும் கொடுக்கலாம். இந்த நான்கில் எந்த வழியிலும் ஏஜென்ட்டுக்கு இடம் இல்லை.

புகார் கொடுப்பதற்கு முன்பே இணைப்பு, தேதி, வீடியோ, கீழே வந்த மிரட்டல்கள் எல்லாவற்றையும் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ இறங்கிவிட்டால் சாட்சியும் இறங்கிவிடும்.

போலீஸ் புகாரும் கொடுங்கள். பிராங்க் என்ற பெயரில் பொது இடத்தில் ஆட்களைத் தொந்தரவு செய்ததாக 2022-ல் கோவை மாநகரப் போலீஸ் ஒரு யூடியூப் சேனல் மேல் வழக்கே போட்டது. ஆனால் நடைமுறை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனுக்குப் போனால் "சைபர் கிரைமுக்குப் போங்க" என்பார்கள். ஈரோட்டுக்குப் போனால் "சந்தை எந்த லிமிட்டோ அங்கேயே கொடுங்க" என்பார்கள். 1930-க்கு அடித்தால் அது பணம் பறிபோனவர்களுக்கான எண். இரண்டு பஸ் மாறி வருகிற விவசாயியை இப்படிப் பந்தாடுவதற்கு ஒரு துறையும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளூர் ஸ்டேஷனிலேயே மனு கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். மனுவில் சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொல்லி உங்களையே பயமுறுத்தினால் சிரித்துக்கொள்ளுங்கள். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது 2012-ல் மும்பை பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பிடித்தது அந்தப் பிரிவில்தான். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. அப்படியும் வழக்குகள் வந்துகொண்டே இருந்ததால், 2022-ல் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

உண்மையில் எனக்குப் பயம் அப்பாவைப் பற்றியல்ல, உங்களைப் பற்றி. பதிலுக்குப் பதில் எழுதுகிறேன் என்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அப்பா பேசியது நேரில், ஏமாற்றப்பட்டு, ஒரு நிமிடம். நீங்கள் எழுதுவது யோசித்து, எழுத்தில், தேதியோடு. வேறு யாரோ எழுதியதை எடுத்துப் பகிர்ந்தால்கூட அது உங்கள் பேச்சுதான். நடிகர் எஸ்.வி. சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதிய பதிவைப் பகிர்ந்தார். அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் 2024-ல் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுதியதை நீக்குங்கள். சேனல் பையன்களின் வீட்டு முகவரியைத் தேடிப் போடுகிற வேலையும் வேண்டாம். 2012-ல் ஆஸ்திரேலிய ரேடியோக்காரர்கள் இங்கிலாந்து ராணி மாதிரி பேசி லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றை ஏமாற்றினார்கள். அழைப்பை எடுத்த நர்ஸ் ஜெசிந்தா சல்தானா, நம் மங்களூர்ப் பக்கத்துக்காரர், சில நாளில் இறந்துபோனார். அதுவரை சிரித்த கூட்டமே அப்புறம் அந்த இருவருக்கும் கொலை மிரட்டல் விட்டது. யாருக்கு என்ன லாபம்? அப்பா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார், சரியாகச் சாப்பிடுவதில்லை என்றால் அதைத்தான் முதலில் கவனியுங்கள். கமெண்ட்டுகளை அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

அந்த நிருபர் மறுபடி கூப்பிட்டால் ரெக்கார்டு போட்டுவிட்டுப் பேசுங்கள். "கொடுக்காவிட்டால் இன்னும் நாலு சேனல்ல போடுவேன்" என்று சொல்லிவிட்டார் என்றால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம், போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். அதற்குத் தனி மனு எழுதுங்கள். வீடியோ மனுவோடு சேர்த்து எழுதினால் இரண்டையும் ஒரே ரசீதில் முடித்து அனுப்பிவிடுவார்கள்.