நம்ம ஆள் இருக்கிறாரா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அரசாங்கத்தில் பெரிய பதவிகளுக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் உட்காருபவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாமே விண்ணப்பம் போட வழி உண்டா? அந்தக் குழுவில் நம்ம ஆள் யாராவது இருக்கிறாரா? (வாசகர் ஒருவர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதைத்தான் முதலில் கேட்க நினைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம்ம ஆள். புதிதாக எந்தக் குழுவை அறிவித்தாலும் நாம் செய்வது இதுதான். பெயர்ப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடுவோம். நம் பெயர் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மகிழ்ச்சி, பேப்பரை மடித்து வைத்துவிடுவோம். படவில்லை என்றால் தேக்கா காப்பிக் கடையில் அரை மணி நேரம் புலம்புவோம். ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அந்தக் குழு என்ன வேலை செய்கிறது, அதற்குள் ஒருவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. சரி, நம்ம ஆள் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு விடுகிறோமா? முதலில் இந்தியர் என்று பெருமைப்படுவோம். அப்புறம் தமிழரா என்று கேட்போம். அப்புறம் அவருடைய அப்பாவுக்கு எந்த ஊர், தஞ்சாவூர்ப் பக்கமா, சிவகங்கைப் பக்கமா, இல்லை யாழ்ப்பாணமா என்று விசாரணை போகும். கடைசியில் அந்த மனிதர் நம்ம ஆள் இல்லை என்று நாமே முடிவுகட்டி வெளியே அனுப்பிவிடுவோம்.

ஆனால் நமக்கு ஆள் இல்லாமல் போனதே இல்லை, ஐயா. 1959-ல் அமைந்த முதல் அமைச்சரவையிலேயே ராஜரத்னம் இருந்தார். எஸ்.ஆர். நாதன் 1999 முதல் 2011 வரை அதிபர். ஜே.ஒய். பிள்ளை 2005 முதல் 2019 தொடக்கம் வரை அதிபர் ஆலோசகர் மன்றத்தின் தலைவர். இன்று அதிபர் தர்மன் சண்முகரத்னம். நீங்கள் கேட்கும் குழு, பொதுச் சேவை ஆணையம். அதன் உறுப்பினர்களை நியமிப்பவரே அதிபர்தான். நம்ம ஆள் அதற்கும் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்! அப்படி இருந்தும் அந்தக் குழுவுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியவில்லை, என்னிடம் கேட்டு எழுதுகிறீர்கள். அப்படியானால் நமக்குக் குறைவது ஆள் இல்லை, தகவல்.

தெரிந்ததைச் சொல்கிறேன். பொதுச் சேவை ஆணையம் 1951 ஜனவரி 1-ல் தொடங்கியது, வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே. அரசமைப்புச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி அதற்கு ஒரு தலைவர், ஐந்துக்குக் குறையாமல் பதினான்குக்கு மேற்படாமல் மற்ற உறுப்பினர்கள். பிரதமர் பெயரைச் சொல்வார். அதிபர் தம் சொந்த முடிவாக அதை ஏற்றால் நியமிப்பார், ஏற்காவிட்டால் மறுக்கலாம். முடிவெடுக்கும் முன் ஆலோசகர் மன்றத்தைக் கேட்க வேண்டும். மன்றம் சரி என்று சொன்ன ஒருவரை அதிபர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியும்.

உள்ளே வரக் கூடாதவர்கள் யார் என்பதையும் அடுத்த பிரிவு சொல்லியிருக்கிறது. அரசாங்க ஊழியர், நாடாளுமன்ற உறுப்பினர், தேர்தலில் நிற்கும் வேட்பாளர், தொழிற்சங்க உறுப்பினர், அரசியல் அமைப்பில் பொறுப்பு வகிப்பவர் யாரும் கூடாது. இது நல்ல வேலி. மனமாரப் பாராட்டுகிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1995-லிருந்து பெரும்பாலான வேலை நியமனங்களும் பதவி உயர்வுகளும் ஆணையத்திடம் வருவதில்லை. அமைச்சுகளில் இருக்கும் பணியாளர் வாரியங்கள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றில் உட்காருபவர்கள் நிரந்தரச் செயலாளர்கள், மூத்த அதிகாரிகள். ஆணையத்தின் கையில் இருப்பவை மிக உயர்ந்த பதவிகள், ஒழுங்கு நடவடிக்கை, மேல்முறையீடு, அப்புறம் நம் வீட்டுப் பிள்ளைகள் கனவு காணும் உபகாரச் சம்பளம்.

விண்ணப்பமா? ஆணைய உறுப்பினராக விண்ணப்பிக்கும் முறை எதையும் அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. பிரதமரின் மேசைக்கு அந்தப் பெயர் எப்படி வந்து சேர வேண்டும் என்றும் சொல்லவில்லை. கடைசிப் படியை வரிவரியாக எழுதிய சட்டம், முதல் படியை எழுதாமல் விட்டிருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

இந்த அமைப்பில் இருக்கும் வட்டத்தையும் பாருங்கள். ஆலோசகர் மன்றத்தில் எட்டுப் பேர். அதிபர் மூவரை எடுக்கிறார், பிரதமர் மூவரைச் சொல்கிறார், தலைமை நீதிபதி ஒருவரை, பொதுச் சேவை ஆணையத்தின் தலைவர் ஒருவரை. அந்த ஆணையத் தலைவரை நியமிக்கும்போது அதிபர் ஆலோசனை கேட்பது இதே மன்றத்திடம். அதிபராக நிற்க யாருக்குத் தகுதி என்று சான்றிதழ் தரும் அதிபர் தேர்தல் குழுவுக்குத் தலைமை ஏற்பவரும் ஆணையத் தலைவரே. 2023-ல் மூன்று வேட்பாளர்களுக்குச் சான்றிதழ் தந்தது அந்தக் குழுதான். இவர்களில் யாரும் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஒருவரை ஒருவர் நியமிக்கிற, ஒருவருக்கு ஒருவர் ஆலோசனை சொல்கிற இப்படிப்பட்ட அமைப்பில் முதல் பெயர் எங்கிருந்து வந்தது என்பது வெளியே தெரிய வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்டுவிடவில்லை. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் முறை 1990-ல் இங்கே வந்தது. அதற்குப் பெயர்களை முன்மொழியச் சொல்லிப் பொதுமக்களையே கேட்கிறார்கள். நாடாளுமன்ற நாயகர் தலைமையிலான சிறப்புத் தெரிவுக் குழு அவற்றைப் பரிசீலித்து அதிபருக்குப் பரிந்துரைக்கிறது. சட்டம் இயற்றும் மன்றத்துக்கே இப்படி ஆள் எடுக்க முடியும்போது ஆணையத்துக்கு ஏன் முடியாது? முடிவு பிரதமர் கையிலும் அதிபர் கையிலுமே இருக்கட்டும். பெயர்களைத் திரட்டும் வழியைத் திறந்துவிடுங்கள். ஒருவரை நியமிக்கும்போது, அவரை ஏன் எடுத்தோம் என்று நாலு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

முறை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அடிக்கடி போய்வரும் ஊரே சாட்சி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு 2016-ல் ஒரே வீச்சில் 11 உறுப்பினர்களை நியமித்தார்கள். முறையான தேர்வு நடக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்த நியமனங்களை ரத்து செய்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கும் அமைப்பு அது. அதன் உறுப்பினர்களை எடுத்த விதமே நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இதற்குள் யாராவது உத்திரமேரூர் என்று சொல்லத் தயாராகியிருப்பீர்கள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த ஊர். சொல்லுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. அது ஒரு பிராமண ஊரின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, வேதம் கற்ற, 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்ட ஆண்களுக்கு மட்டுமே குடத்தில் ஓலை. உழுதவனுக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது.

பெருமைப்பட வேண்டிய இடம் வேறு. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் எழுதிய கல்வெட்டுகள் அவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக் கூடாது என்கின்றன. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவன் என்று ஒரு கல்யாணப் பந்தியே எழுந்து வெளியே போக வேண்டியதுதான்! நம் குடும்பங்களை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுக்கும் ஓலை கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எல்லார் முன்னிலையிலும் ஓலையை எடுப்பான். இத்தனையையும் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். எழுத்துத் தெரிந்த எவரும் நின்று படிக்கலாம். நம் ஆணையத்துக்கான தகுதியின்மைப் பட்டியலில் உறவினர் பற்றிய வரி இல்லை. அதையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

உறவும் தொடர்பதவியும் என்றதும் நம் சங்கங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. இங்கே எத்தனை தமிழ் அமைப்புகளில் அதே தலைவர், அதே செயலாளர், அதே பொன்னாடை! ஆண்டுப் பொதுக்கூட்டம் தொடங்குவதற்கு முன்பே யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று தொலைபேசியில் முடிந்துவிடுகிறது. இதை நான் எழுதும்போதெல்லாம், "இளையவர்கள் யாரும் முன்வருவதில்லை, அதனால்தான் அவரே தொடர்கிறார்" என்று கடிதம் வரும். இளையவர்களிடம் கேட்டால் கூட்டம் நடந்ததே தெரியாது என்கிறார்கள். தேர்தல் அறிவிப்பை ஒரு மாதம் முன்பே எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிப் பாருங்கள், முன்வருகிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சங்கங்கள் பதிவகம் தரும் மாதிரி விதிமுறையில், பொருளாளர் மட்டும் அடுத்தடுத்து அதே பொறுப்புக்கு வரக் கூடாது என்று இருக்கிறது. பணம் புழங்கும் இடத்துக்கு வைத்த அந்தக் கட்டுப்பாட்டைத் தலைவருக்கும் செயலாளருக்கும் நீட்டும் வேலையை நாமே தொடங்கலாம். ஒரு பொதுக்கூட்டத் தீர்மானமாகக் கொண்டுவந்து பதிவகத்தின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள்.

ஈசூன் நண்பரே, நீங்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதன் விதிமுறைப் புத்தகத்தை வாங்கி, தலைவர் எத்தனை தவணை இருக்கலாம் என்ற பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.