பக்கத்துக் காட்டில் ட்ரோன் மருந்தடிப்பு: செத்த பட்டுப்புழுவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் மூன்று ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஒட்டியிருக்கும் மக்காச்சோளக் காடுகளுக்குப் படைப்புழு மருந்தை ட்ரோனில் அடித்தார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுநாள் வெட்டிப் போட்ட தழையைத் தின்ற புழுக்கள் தலையைத் தூக்கிப் பச்சை நீர் கக்கிச் செத்தன. 250 முட்டைத் தொகுதியும் போச்சு. கேட்டால், "ட்ரோனுக்கு அனுமதி இருக்கு, அரசு சிபாரிசு செய்த மருந்துதான்" என்கிறார்கள். ஐந்து நாள் ஆகிறது. இழப்பீடு கிடைக்குமா? இனி அடிக்காமல் தடுக்க முடியுமா?

பதில்: இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருந்தடிப்பையே நிறுத்தும் உத்தரவு வாங்குவது கடினம். ஆனால் இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை உங்கள் புழுவளர்ப்பு மனையில்தான் இருக்கிறது.

மனையைக் கழுவிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தோட்டத்து இலையில் இப்போது அது சிக்காமல் போகலாம். ஆனால் புழுப் படுக்கையில் நிழலில் கிடக்கும் தின்று மீந்த தண்டிலும் தழையிலும் எச்சம் கூடுதல் நாள் தங்கும். படைப்புழுவுக்கு அடிக்கும் இன்னொரு மருந்தான குளோரான்ட்ரனிலிப்ரோல் அடித்திருந்தால் தோட்டத்து இலையிலேயே இன்னும் இருக்கும். ஆகவே படுக்கைத் தழை, செத்த புழு, சோளக் காட்டை ஒட்டிய முதல் வரிசை இலை, நடு வரிசை இலை, எதிர்க்கோடி இலை என ஐந்தையும் தனித்தனிப் பையில் போட்டு, நாள், நேரம், இடம் எழுதி, ஃப்ரீஸரில் வையுங்கள். வரிசை வரிசையாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. எல்லைப் பக்கம் எச்சம் அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருந்தால், மருந்து எங்கிருந்து வந்தது என்பதை அதுவே காட்டிவிடும். "நீங்களே மல்பெரிக்கு எதையோ அடித்திருப்பீர்கள்" என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்காது.

இதை நீங்கள் தனியாகச் செய்யாமல், பட்டு வளர்ச்சித் துறை அலுவலரையும் வேளாண் அலுவலரையும் எழுத்து மூலம் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் எடுத்து, கையெழுத்து வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்ச ஆய்வகத்துக்கோ என்ஏபிஎல் (ஆய்வகத் தர அங்கீகார வாரியம்) சான்று பெற்ற தனியார் ஆய்வகத்துக்கோ ஐஸ் பெட்டியில் அனுப்பலாம். எந்த மருந்து என்று தெரிந்தால் பெயரைக் குறிப்பிட்டே சோதிக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவின் லேபிள் படம் கிடைத்தாலும் போதும். சாக்கி மையத்தின் (இளம்புழு வளர்த்துத் தரும் இடம்) ரசீதும், முந்தைய இரண்டு மூன்று பேட்ச்சுக்குக் பட்டுக்கூடு அங்காடியில் விற்ற ரசீதும் இழப்பின் அளவைச் சொல்லும். ட்ரோன் பறந்ததை யாராவது செல்போனில் எடுத்திருந்தால் அந்தக் கோப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதன் நகலைக் கொடுத்தால், மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழ் இல்லாமல் அது நீதிமன்றத்தில் ஏறாது.

இப்போது அவர்கள் சொல்லும் "அனுமதி"க்கு வருவோம். 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் விதி 43 வான்வழித் தெளிப்பைப் பற்றியது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உரிய அதிகாரி மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். தெளிக்கும் பரப்பை அடையாளமிட வேண்டும். அங்கீகரித்த மருந்து, செறிவு, உயரம் மட்டுமே. சம்பந்தமில்லாத ஆளும் கால்நடையும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். விமானத்தை நினைத்து எழுதிய விதிதான். ஆனால் மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோனுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையும் இதையே சொல்கிறது. பைலட் சான்றும் ட்ரோன் பதிவும் பறக்கத்தான் அனுமதி தரும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து விழ எந்தச் சான்றும் அனுமதி தராது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் தெளித்தபோது எண்டோசல்ஃபானும் பதிவு பெற்ற மருந்துதான். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பிரிவு 38-ஐ நீட்டுவார். தன் சாகுபடி நிலத்தில் தானே மருந்து பயன்படுத்துபவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. வாடகைக்கு வந்து அடிக்கும் ட்ரோன்காரருக்கு அது சாகுபடி நிலம் அல்ல. அந்த விலக்கு அவருக்குக் கிடையாது என்று வாதிடுங்கள். அதனால் நோட்டீஸில் நிலத்துக்காரரை மட்டும் சேர்த்துவிட்டு ட்ரோன் நடத்துனரையும், மருந்தடிப்பை ஏற்பாடு செய்த விவசாயிகள் குழு ஏதும் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

செறிவையும் எழுதுங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 80 கிராம் எமாமெக்டினை 200 லிட்டர் தண்ணீரில் கலப்பார்கள், லிட்டருக்கு 0.4 கிராம். ட்ரோனில் அதே 80 கிராம் சுமார் 10 லிட்டரில் போகிறது, லிட்டருக்கு 8 கிராம். காற்றில் விலகி வரும் ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு கெட்டி. படைப்புழுவும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனத்தின் புழுக்கள். ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றை விடாது.

வக்கீல் நோட்டீஸில் ட்ரோனின் பறப்புப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், காப்பீட்டு நகலைக் கேளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி இந்த அளவு ட்ரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பாலிசியில் ரசாயனச் சேதத்தை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். விலக்கியிருந்தால் பணம் ட்ரோன்காரரிடமும் குழுவிடமும்தான் கேட்க வேண்டும்.

இழப்பீட்டுக்குச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஒரு விஷயத்தில் கவனம்: தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இல்லை. மனுவை அதன் மேல் மட்டும் கட்டினால் வாசலிலேயே திரும்பிவிடும். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மேல், ஆபத்தான பொருளைக் கையாண்டதால் வந்த சேதம் என்று கட்டுங்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 15-இல் காலக்கெடு ஐந்து ஆண்டு. கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது ஆயிரம் ரூபாய். பக்கத்தில் வேறு பட்டு விவசாயிகளுக்கும் சேதம் என்றால் சேர்ந்து போங்கள். இரண்டு பேர் தகராறு என்று ஒதுக்க முடியாது. தீர்ப்பாயம் தரக்கூடிய இழப்பீட்டை உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்டால், அதைத் தடுக்கும் அதே சட்டத்தின் பிரிவு 29 குறுக்கே வரும்.

உரிமையியல் நீதிமன்றம் தடைக்கும், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் அட்வகேட் கமிஷனர் நியமனத்துக்கும் பயன்படும். தடை மனுவில் "அடிக்கவே கூடாது" என்று கேட்காதீர்கள். சோளக்காரருக்கும் குருத்தைத் தின்னும் புழுவோடு போராட்டம்தான். எந்த நீதிபதியும் அதைப் பார்ப்பார். நிபந்தனை கேளுங்கள்: 24 மணி நேர முன்னறிவிப்பு, மருந்தின் பெயர், மல்பெரிப் பக்கம் காற்று வீசும்போது அடிக்காமை, எல்லையோரக் கீற்றுக்குக் கைத்தெளிப்பான். கிணற்று நீர், பள்ளி, குடியிருப்பு என்று ஊர்ப் பிரச்சினையும் இருந்தால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152-இல், பொதுத் தொல்லையை நீக்கக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

போலீஸ் புகாருக்கு பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 286, நச்சுப் பொருளை அலட்சியமாகக் கையாளுதல். அது மனித உயிருக்கு ஆபத்து, அல்லது ஒருவருக்குக் காயமோ தீங்கோ விளைவிக்கக்கூடிய செயலுக்கானது. தழை வெட்டியவர்களுக்கு வாந்தி, கண் எரிச்சல் வந்திருந்தால் மருத்துவச் சீட்டோடு கொடுங்கள். புழுச் சாவுக்கு மட்டும் என்றால் நிற்பது கடினம். பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வழக்குப் போட மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் (பிரிவு 31). அதற்கான மனுவை வேளாண் இணை இயக்குநரிடம் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.