வெந்தய எசென்ஷியல் ஆயில்: குடிக்கலாமா, தலையில் தேய்க்கலாமா?

கேள்வி: ஆன்லைனில் 10 மி.லி. வெந்தய எசென்ஷியல் ஆயிலை 250 ரூபாய்க்கு வாங்கினேன். முடி கொட்டுவதால் அப்படியே தலையில் தேய்க்கலாமா? சர்க்கரைக்கு வெந்நீரில் நாலு சொட்டு விட்டுக் குடிக்கலாமா?

பதில்: குடிக்கவே வேண்டாம். வெந்தயம் சர்க்கரைக்கு உதவுவது பெரும்பாலும் அதன் கொழகொழப்பான நார்ச்சத்தால்தான். சாப்பாட்டிலுள்ள குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும் வேகத்தை அது குறைக்கிறது. எசென்ஷியல் ஆயில் என்பது விதையை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெய். அப்படி வடிக்கும்போது ஆவியாகும் மணப்பொருள்கள் மட்டுமே வெளியே வரும். நார்ச்சத்து கொதிகலனிலேயே தங்கிவிடும். விதையின் குணத்தை எண்ணெயில் எதிர்பார்க்க முடியாது.

விலையும் இடிக்கிறது. வெந்தயத்தில் ஆவியாகும் எண்ணெய் 0.02 சதவீதத்துக்கும் குறைவு. 10 மி.லி. எடுக்கக் குறைந்தது ஐம்பது கிலோ விதை வேண்டும். விதைக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். உங்கள் பாட்டிலில் இருப்பது அநேகமாக வேறு எண்ணெயில் கலந்த வெந்தயச் சாறுதான். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தால் அது வடித்த எண்ணெய் மட்டும் அல்ல.

எதுவாக இருந்தாலும் நேரடியாகத் தேய்க்காதீர்கள். 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு, அதாவது சுமார் ஒரு சதவீதம், போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி 24 மணி நேரம் பாருங்கள். வெந்தயம் பயறு வகைச் செடி. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தலை வறட்சி குறையும். முடி கொட்டுவது நிற்கும் என்று நம்பி, ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலைக்கு மட்டும்தான் என்றால் வீட்டிலேயே காய்ச்சுவது மேல். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தைக் கழுவாமல், ஊறவைக்காமல் ஒன்றிரண்டாகப் பொடித்து 200 மி.லி. தேங்காய் எண்ணெயில் போடுங்கள். அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் விதை கருகி எண்ணெயே தீய்ந்த வாடை அடிக்கும். பலரும் சறுக்குவது ஈரத்தில்தான்: ஊறிய வெந்தயம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் எண்ணெய்க்குள் போனால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் காய்ந்த துணியில், பிழியாமல் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்; சிக்கு வாடை வந்தால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள்.