வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் சீழ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மல்லாவி, கமக்காரர்: சலரோகம் உண்டு. மூன்று கிழமையாக மாலையில் நடுக்கத்தோடு காய்ச்சல். வலப்பக்க விலாவின் கீழும் வலத் தோளிலும் நோவு. தோளுக்கு எண்ணெய் பூசலாமா?

தம்பி, நோய் தோளில் இல்லை, ஈரலைப் பார்க்க வேண்டும். ஈரலின் மேலுள்ள உதரவிதானம் என்ற மூச்சுத் தசைக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் தோலுக்கும் அங்கிருந்தே நரம்பு போவதால், கீழே சீழ் பிடித்தால் மேலே நோகும். நாளை காலையே வைத்தியசாலைக்குப் போய் ஸ்கான் எடுங்கள். வயலில் இறங்குபவர், சலரோகக்காரர் என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்கிறது. கால் வெடிப்பு வழியாக ஏறி ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டி வைக்கும். இரத்தத்திலும் சீழிலும் உள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதற்கு செப்டசிடிம் அல்லது மெரோபெனம் என்ற அன்டிபயோட்டிக்கைக் குறைந்தது 2 கிழமை நாளம் வழியாக ஏற்ற வேண்டும். பிறகு கோ-டிரைமொக்சசோல் குளிசை 3 மாதமாவது எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று குளிசையை நிறுத்தியவர்கள் மறுபடி கட்டிலில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டான்: கட்டி கரைய எந்தக் குளிசை வாங்கலாம்?

கடையில் வாங்காதீர்கள். அரைகுறையாக விழுங்கிய மருந்து காய்ச்சலை மறைத்து, கிருமியையும் மறைத்துவிடும்.

புதுக்குடியிருப்பு, தாய்: மகனுக்குக் குடல்வால் வெட்டி எட்டு நாள். காய்ச்சல்; சளிபோல அடிக்கடி போகிறது. வயிற்றோட்ட மருந்து கொடுக்கவா?

கொடுக்காதீர்கள் பிள்ளை. இடுப்புக்குழியில் தேங்கிய சீழ் மலக்குடலை உறுத்தினால் இப்படித்தான் போகும். குடல்வால் வெட்டிய வைத்தியசாலைக்கே இன்று கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

முள்ளியவளை, சீவல் தொழிலாளி: ஈரலில் கட்டி என்றால் வைத்தியர்கள் நீங்கள் உடனே கள்ளைக் குற்றம் சொல்கிறீர்கள். கள் எங்கள் சோறு.

உங்கள் தொழிலை நான் பழிக்கவில்லை. ஆனால் அமீபா என்ற குடல் கிருமியால் வரும் ஈரல்கட்டியோடு வந்தவர்களில் கள் அருந்தும் ஆண்களே மிகுதி என்பதை யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊசியால் இழுக்கும்போது சிரிஞ்சில் ஏறும் அந்தச் சீழ், கரைத்த சொக்லேட் போல் பழுப்புச் சிவப்பாக இருக்கும். பெரும்பாலும் நாற்றம் இராது. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

அதே தொழிலாளி: கள் சேரும் முட்டியைக் கழுவித்தான் பனையில் கட்டுகிறோம். பனையில் ஏது அமீபா?

பனையில் இல்லை, மனித மலத்தில் இருக்கிறது. கழுவும் தண்ணீர், கலக்கும் தண்ணீர், ஊற்றும் கை, ஒரே பிளாவில் (ஓலைக் குடுவையில்) பலர் குடிப்பது என்று வழி பல. மது ஈரலையும் தளர்த்துகிறது. கொதித்தாறிய நீரில் முட்டியைக் கழுவுங்கள், சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். இதில் உங்களோடு எத்தனை நாளும் வாதாடத் தயார். கட்டி வந்தவர் மட்டும் கள்ளைத் தொடவே கூடாது. மெட்ரோனிடசோல் மருந்திலேயே பெரும்பாலான கட்டிகள் ஆறும். அதன் பிறகு குடலில் தங்கிய கிருமிக்கு டைலொக்சனைடும் தேவை. பெரிய கட்டியை, உடையப் போவதை, இதயத்தை ஒட்டிய இடது மடலில் உள்ளதை வடிக்க வேண்டிவரும்.

வவுனியா: நல்ல அன்டிபயோட்டிக் ஒன்று சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானுக்குச் சொன்னதே. தயவு செய்து மேலே வாசியுங்கள்.

மாங்குளம்: அம்மாவுக்குச் சீழ் வடிக்க வயிற்றில் குழாய் வைத்திருக்கிறார்கள். எப்போது எடுப்பார்கள்?

வடிவது ஏறக்குறைய நின்று, காய்ச்சலும் விட்டு, ஸ்கானில் குழி சுருங்கிய பிறகு. பையில் சேர்வதைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள், நிறத்தையும் குறியுங்கள். நேற்று வரை வடிந்தது திடீரென நின்று காய்ச்சல் ஏறினால் குழாய் அடைத்திருக்கிறது என்று எண்ணி, அன்றிரவே வார்டுக்குப் போங்கள்.