தாயும் சேயும் பள்ளியும்: வாசகர் கேள்வி பதில்

என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் 8.4 என்றார்கள். அங்கே கொடுத்த சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டாள். தினமும் முருங்கைக்கீரை கொடுத்தால் போதாதா?
– வாசகி, செங்கம்

போதாது அம்மா. கீரை கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் கீரையில் உள்ள இரும்பில் மிகக் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். 8.4-ஐ அதை வைத்து மட்டும் பேறுகாலத்துக்குள் ஏற்ற முடியாது.

கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே போனால் ஆபத்து. பிரசவத்தின்போது ரத்தம் போவது இயல்பு. ஏற்கெனவே குறைந்திருக்கும் பெண்ணால் அந்த இழப்பைத் தாங்க முடியாது என்பதால்தான் இந்த மாத்திரையை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 நாள்; பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள். உங்கள் மருமகளின் அளவுக்கு நாளொன்றுக்கு இரண்டு என்பதுதான் அரசு மருத்துவ வழிகாட்டல். தாய் சேய் நல அட்டையில் எத்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று என்று இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

மலம் கறுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பில் சேராத இரும்பு வெளியேறும் நிறம் அது. குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் தர வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தாருங்கள். இரவில் படுக்கப்போகும் நேரத்தில் போட்டால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம்.

பல வீடுகளில் தவறு நடப்பது கால்சியம் மாத்திரையில். இரண்டையும் ஒரே கைப்பிடியில் விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். மாதம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

குடற்புழு மாத்திரை (அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு முறை) கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். முதல் மூன்று மாதம் கடந்த பிறகுதான் அதைத் தருவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். 11-ஐத் தொட்டதும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. நாளொன்றுக்கு ஒன்றாகக் குறைத்துத் தொடர வேண்டும்.

மாத்திரை டப்பாவைப் பரணில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் ஊர்ச் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கே போனதில்லை. ஜனவரியில் கூட்டிப்போனால் ‘டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, ஜூனில் வாங்க’ என்கிறார்கள்.
– வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

ஜூனில் அந்தக் குடும்பமே ஊர் திரும்பியிருக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி இந்த மூன்று காரணங்களில் எதுவுமே செல்லாது. டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்கிறது பிரிவு 5. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15.

வாய்ப்பேச்சாகப் போகாதீர்கள். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தங்கியிருக்கும் சூளை, உத்தேச வயது ஆகியவற்றை வெள்ளைத் தாளில் எழுதி, இந்த மூன்று பிரிவுகளையும் குறிப்பிட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

எந்த வகுப்பு என்பதில் கவனமாக இருங்கள். எழுத்து தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவில் கூசிப்போய் ஒரே வாரத்தில் நின்றுவிடுவாள். வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது நான்காம் வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது பிரிவு 4. ஊர் திரும்பும் முன் டி.சி. வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்; அங்கே தொடர உதவும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? சூளையில் அம்மா கல் அறுக்கும்போது தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருப்பது பெரும்பாலும் மூத்த பெண்தான். இரண்டு வயதான குழந்தையை அங்கன்வாடியில் விட்டால்தான் அக்கா பள்ளிக்குப் போக முடியும். வெளிமாநிலக் குழந்தை என்று அங்கன்வாடியில் மறுக்க இடமில்லை.

குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் நிற்கவில்லை. என்ன தவறு?
– வாசகி, கூடலூர்

ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து அல்ல, வெளியேறிய நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பு கூடிக் கேடு செய்யும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரே தடவையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை வெளியே போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, மேலே 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள் (ஆறு மாதத்துக்குக் கீழே பாதி). பேதி நின்றதும் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்குத் திரும்ப வருவது குறையும்.

மலத்தில் ரத்தம், குழிந்த கண், குடிக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.